12 போர் என்பது 12 மில்லிமீட்டர் அல்ல: துப்பாக்கி பற்றி எழுதுவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

செய்தி ஆசிரியர்களுக்கும், குற்றச் செய்தியாளர்களுக்கும், நூல்களையும் துணைத்தலைப்புகளையும் தமிழாக்குவோருக்கும் வணக்கம்.

"12 மி.மீ. ஷாட்கன்", "410 கேஜ் துப்பாக்கி", ".9 எம்.எம். பிஸ்டல்", "52 காலிபர் குண்டு". இந்த நான்கும் அச்சிலும் திரையிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. நான்கிலும் எண் எங்கிருந்தோ சரியாகத்தான் வந்திருக்கிறது. அதோடு ஒட்டிய அலகோ புள்ளியோதான் தவறு. .9 மி.மீ. என்றால் குண்டூசித் தடிமன். அப்படி ஒரு பிஸ்டல் உலகில் இல்லை. இதைச் சின்ன அச்சுப்பிழை என்று தள்ளிவிட எங்களால் முடியவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவரும், வாங்கப் போகிறவரும், வழக்கை விசாரிக்கிறவரும் நீங்கள் எழுதியதைத்தான் படிக்கிறார்கள். தவறான தோட்டா குழலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறோம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: துப்பாக்கியின் அளவை, உலோகத்தில் பொறித்திருப்பது போலவே முழுப்பெயராக எழுதுங்கள். அலகு மாற்ற வேண்டாம், பாதியில் வெட்ட வேண்டாம், இல்லாத புள்ளியைச் சேர்க்க வேண்டாம்.

அதிகம் பிழையாவது ஷாட்கன்தான், அதாவது பெரும்பாலும் ரவைகளைச் சுடும் துப்பாக்கி; அங்கிருந்தே தொடங்குவோம். கேஜ் (gauge) என்பதும் போர் (bore) என்பதும் ஒரே கணக்கு. அமெரிக்க வழக்கு கேஜ், பிரிட்டிஷ் வழக்கு போர். ஒரு ராத்தல் ஈயத்தை, அதாவது 453.6 கிராமை, சம எடையுள்ள 12 உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ அதுவே 12 போர் குழலின் உள்விட்டம். போட்டுப் பார்க்கலாம். ஓர் உருண்டையின் எடை 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். ஆகவே கனஅளவு 3.33 கன சென்டிமீட்டர். அந்தக் கனஅளவுள்ள உருண்டையின் விட்டம் 18.53 மி.மீ. இதே கணக்கில் 10 போர் 19.69 மி.மீ., 16 போர் 16.83, 20 போர் 15.63, 28 போர் 13.97. எண் ஏற ஏற குழல் ஒடுங்குகிறது. "20 என்ற பெரிய ரகம்" என்று எழுதுகிறவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எண் இரட்டித்தால் உருண்டையின் எடைதான் பாதியாகும், விட்டம் பாதியாகாது. கனமூலக் கணக்கு என்பதால் 12-லிருந்து 24-க்குப் போனாலும் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். "20 போரைவிட 12 போர் கிட்டத்தட்ட இரு மடங்கு அகலம்" என்பது எண்ணை வைத்துச் செய்த ஊகம். உண்மையில் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.

இந்த வரிசையில் சேராதது .410. அது கேஜ் அல்ல, நேரடியாக அங்குலத்தில் சொல்லும் உள்விட்டம்: 0.410 அங்குலம், 10.4 மி.மீ. ராத்தல் கணக்கில் அதை மாற்றினால் ஏறத்தாழ 68 கேஜ் வரும். "410 கேஜ்" என்று யாராவது உண்மையிலேயே ஒரு துப்பாக்கி செய்தால் அதன் குழல் 5.7 மி.மீ.தான் இருக்கும். எனவே ".410 போர்" அல்லது ".410 ஷாட்கன்" என்று புள்ளியோடு எழுத வேண்டும். புள்ளி கட்டாயம் வேண்டிய இடம் இது. 12, 16, 20, 28 ஆகியவற்றுக்குப் புள்ளி கூடவே கூடாது.

கேஜ் எண் மட்டும் ஒரு ஷாட்கன் தோட்டாவை முழுதாகக் குறிக்காது. நீளமும் வேண்டும். 12 போரில் பரவலாக இருப்பவை 2¾ அங்குலம் (70 மி.மீ.), 3 அங்குலம் (76 மி.மீ.), 3½ அங்குலம் (89 மி.மீ.), பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் 65 மி.மீ. அறைகளும் (அறை என்பது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) உண்டு. இந்த நீளம் சுட்ட பிறகு, முனை மடிப்பு பிரிந்த நிலையில் அளந்த நீளம். ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சுடாத 76 மி.மீ. தோட்டா, மடிப்போடு இருக்கும்போது 70 மி.மீ.க்கும் குட்டை. அதனால் 70 மி.மீ. அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் போய்விடும், துப்பாக்கியும் சரியாக மூடிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் மடிப்பு முன்னோக்கிப் பிரிகிறது. பிரிய இடமில்லை, அறை முடிந்து குழல் ஒடுங்கும் கூம்புப் பகுதிக்குள் உறையின் வாய் நுழைந்து, ரவைகளும் தக்கையும் போகும் வழியை இறுக்குகிறது. அழுத்தம் அந்தத் துப்பாக்கி தாங்கும் எல்லையைத் தாண்டுகிறது. ஒரே சூட்டில் வெடிக்காவிட்டாலும் பூட்டும் இணைப்புகளும் தளரும். ஆகவே "உள்ளே போனால் பொருந்திவிட்டது" என்ற பொருள்படும் எந்த வாக்கியத்தையும் உங்கள் கட்டுரையில் விடாதீர்கள். குட்டைத் தோட்டாவை நீள அறையில் சுடலாம், மறுபக்கம் கூடாது. அறையின் நீளம் குழலின் அடிப்புறத்தில் 12/70, 12/76 என்றோ 12-2¾ என்றோ பொறிக்கப்பட்டிருக்கும்.

இதைவிடக் கொடியது 12 போர் குழலில் 20 போர் தோட்டா விழுவது. 20 போர் தோட்டாவின் அடிவிளிம்பு சுமார் 19.4 மி.மீ. 12 போர் அறையின் முன்பகுதி 20 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம், அதற்கப்பால் குழல் 18.5 மி.மீ. ஆகவே அந்தச் சின்னத் தோட்டா அறையைத் தாண்டி வழுக்கிப் போய், கூம்பில் விளிம்பு மாட்டி நின்றுவிடும். பின்னாலிருந்து மேலோட்டமாகப் பார்த்தால் அறை காலி. தோட்டா போடவில்லை என்று நினைத்து, அல்லது விசையை அழுத்தியும் சுடவில்லையே என்று நினைத்து, ஒருவர் 12 போர் தோட்டாவைப் பின்னால் போடுகிறார். அதற்கு அங்கே முழு இடமும் இருக்கிறது. அதைச் சுட்டதும் முன்னால் அடைத்து நிற்கும் தோட்டாவில் மோதி, அதுவும் சேர்ந்து வெடித்து, முன்கை பிடித்திருக்கும் இடத்திலேயே குழல் பிளக்கும். விரல்களும் உள்ளங்கையும் இருக்கும் இடம் அது. இதைத் தடுக்கத்தான் 20 போர் தோட்டாவின் பிளாஸ்டிக் உறையை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். 20 போர் குழலில் 28 போர் தோட்டாவும் இதே வேலையைச் செய்யும். விபத்துச் செய்தியில் "துப்பாக்கி வெடித்தது" என்று மட்டும் எழுதுகிறீர்கள். எந்தப் போர் துப்பாக்கியில் எந்தப் போர் தோட்டா இருந்தது என்று கேட்டு எழுதினால் அந்த ஒரு வரி இன்னொருவர் கையைக் காப்பாற்றும்.

ரவை எண்களிலும் இதே தலைகீழ் வழக்கு. அமெரிக்க முறையில் 17-லிருந்து ரவை எண்ணைக் கழித்தால் விட்டம் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று கிடைக்கும்: எண் 6 என்றால் 0.11 அங்குலம், 2.8 மி.மீ.; எண் 9 என்றால் 0.08 அங்குலம், 2 மி.மீ. பிரிட்டிஷ் முறையில் எண் 6 ரவை 2.6 மி.மீ., கொஞ்சம் சிறியது. இதற்கு மேல், பெரிய ரவைகளுக்கென பக்‌ஷாட் என்று ஒரு தனி வரிசை இருக்கிறது, அதுவும் தனியாக எண்ணிடப்பட்டது. எண் 4 பறவை ரவை 3.3 மி.மீ.; எண் 4 பக்‌ஷாட் 6.1 மி.மீ. ஒரே ஈயத்தில் இரண்டாவது முதலாவதைவிட ஆறு மடங்குக்கும் மேல் எடை. "நம்பர் 4 ரவை" என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரியவராது, மருத்துவ அறிக்கையைப் படிக்கும் வழக்கறிஞருக்கும் தெரியாது. 00 பக்‌ஷாட் 8.4 மி.மீ., பிரிட்டிஷ் வழக்கில் அதற்கு இணையானது எஸ்.ஜி.; 000 என்பது 9.1 மி.மீ., எல்.ஜி.க்கு இணை. 70 மி.மீ. 12 போர் தோட்டாவில் 00 ரவைகள் பெரும்பாலும் 8 அல்லது 9 இருக்கும். ஸ்லக் என்றால் ரவையே கிடையாது, ஒரே ஈயக் குண்டு. 12 போரில் வழக்கமான எடை ஓர் அவுன்ஸ், 28 கிராம். ஆகவே "ஷாட்கன்னால் சுட்டதால் ரவைகள் சிதறின" என்பதைத் தானாக எழுதிவிடாதீர்கள், என்ன தோட்டா என்று கேளுங்கள்.

பெட்டியில் "3 டிராம் ஈக்விவலன்ட்" என்றிருப்பதை "3 டிராம் வெடிமருந்து" என்று மொழிபெயர்ப்பது உயிருக்கு ஆபத்து. டிராம் ஒரு பழைய எடை அலகு; அத்தனை டிராம் கருமருந்து தந்திருக்கக்கூடிய வேகத்தை இந்தத் தோட்டா தருகிறது என்பதே அதன் பொருள். உள்ளே இருப்பது புகையில்லா மருந்து; அந்த எடைக்கு அதை நிரப்பினால் குழல் தாங்காது. சோக் என்பது குழல் முனையின் குறுக்கம், விசையோடும் பாதுகாப்புப் பூட்டோடும் அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. 12 போரில் ஃபுல் சோக் என்றால் சுமார் 0.9 முதல் 1 மி.மீ. வரை குறுக்கம். மாடிஃபைட் அதில் ஏறக்குறைய பாதி.

இனி காலிபர், அதாவது ரைஃபிள், பிஸ்டல் குழலின் உள்விட்டத்தைச் சொல்லும் எண். ரைஃபிள், பிஸ்டல் குழலுக்குள் சுருள் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். ஆகவே உள்விட்டம் ஒன்றல்ல, இரண்டு: மேடுகளுக்கு இடையே ஒன்று, பள்ளங்களுக்கு இடையே ஒன்று. சிலர் முதலாவதால் பெயர் வைத்தார்கள், சிலர் இரண்டாவதால். 7.62 மி.மீ. நேட்டோ தோட்டா மேட்டு அளவால் பெயர் பெற்றது. அதன் குண்டு உண்மையில் 7.82 மி.மீ. கிட்டத்தட்ட அதே தோட்டாவின் வணிக வடிவமான .308 வின்செஸ்டர் குண்டின் அளவால், அதாவது பள்ள அளவால் பெயர் பெற்றது. .303 பிரிட்டிஷ் மேட்டு அளவு, அதன் குண்டு .311 அங்குலத்துக்குக் குறையாது. இன்னும் விசித்திரம் .38 ஸ்பெஷல். அதன் குண்டு .357 அங்குலம்தான். பழைய காலத்தில் குண்டும் உறையும் ஒரே விட்டத்தில் இருந்தபோது வைத்த பெயர் பின்னாளில் அப்படியே நின்றுவிட்டது. .357 மேக்னம் அதே குண்டு, உறை மட்டும் சுமார் 3 மி.மீ. நீளம், அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கு. .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம்; மறுபக்கம் போகாதபடிதான் உறையை நீளமாக்கினார்கள். ஆகவே காலிபர் எண்ணை அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு நீங்களே பெருக்கிப் போடாதீர்கள். ".38 (9.65 மி.மீ.)" என்று அச்சிடும்போது கணக்கு சரி, தகவல் தவறு.

இதே காரணத்தால் "9 எம்.எம்." என்பதும் முழுப்பெயர் அல்ல. 9×17, 9×18, 9×19, 9×21 எல்லாமே ஒன்பதுதான். இரண்டாவது எண் உறையின் நீளம், மில்லிமீட்டரில். உலகெங்கும் பிஸ்டல்களில் பரவலாக இருப்பது 9×19 பாராபெல்லம். .380 ஏ.சி.பி. என்று அங்குலத்தில் பெயர் பெற்றிருப்பது 9×17. ரஷ்ய மகரோவ் 9×18. அதன் குண்டு 9.27 மி.மீ., பாராபெல்லம் குண்டோ 9.03. ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. 7.62-இலும் 7.62×25 பிஸ்டல் தோட்டா, 7.62×39 கலாஷ்னிகோவ் தோட்டா, 7.62×51 நேட்டோ தோட்டா, 7.62×54ஆர் பழைய ரஷ்ய ரைஃபிள் தோட்டா. "7.62 மி.மீ. தோட்டாக்கள் பறிமுதல்" என்ற தலைப்பில் கைத்துப்பாக்கியா, தாக்குதல் ரைஃபிளா, இயந்திரத் துப்பாக்கியா என்று யாரும் சொல்ல முடியாது.

.22, .223 இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். குண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் .22 எல்.ஆர். குண்டு வழக்கமாக 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 330 முதல் 380 மீட்டர் வரை; .223 ரெமிங்டன் குண்டு வழக்கமாக 3.6 கிராம், வேகம் ஆயிரம் மீட்டரை நெருங்கும். ஆற்றல் பத்து மடங்கு அளவுக்கு வேறுபடும். ".22 ரக ராணுவ ரைஃபிள்" என்று எழுதியிருந்தால் எதையோ வெட்டிவிட்டார்கள் என்று பொருள். பெயரை வெட்டுவது எப்படி விபத்தாகும் என்பதற்கு .300 பிளாக்அவுட் சரியான உதாரணம். .223 உறையைக் குட்டையாக்கிச் செய்த தோட்டா அது, 5.56 ரைஃபிளின் மேகசினுக்குள் (தோட்டாக்களை நிரப்பும் பெட்டிக்குள்) அப்படியே நிற்கும், சிலசமயம் அறைக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். 7.8 மி.மீ. குண்டு 5.56 மி.மீ. குழலுக்குள் போக வழியில்லை; ரைஃபிள் கையிலேயே சிதறும்.

கோடிட்ட இரண்டாவது எண்ணுக்கு ஒரே விதி கிடையாது. .30-06 என்பதில் 06 என்றால் 1906, ஏற்றுக்கொண்ட ஆண்டு. .30-30 என்பதில் இரண்டாவது 30 மருந்தின் எடை, கிரெயினில். .45-70 என்பதில் 70 கிரெயின் கருமருந்து. பொருள் தேடி விளக்கம் எழுதுவதைவிட பெயரை அப்படியே விடுவது நல்லது. கிரெயின் என்பது எடை அலகு, 0.0648 கிராம், ஒரு ராத்தலுக்கு 7,000. நவீன தோட்டாப் பெட்டியில் "115 கிரெயின்" என்றிருந்தால் அது குண்டின் எடை, 7.45 கிராம். மருந்தின் அளவல்ல, "115 மணிகள்" அல்லவே அல்ல.

பீரங்கியில் காலிபர் வேறு வேலை செய்கிறது. "155 மி.மீ./52 காலிபர்" என்றால் குழலின் நீளம் உள்விட்டத்தைப்போல் 52 மடங்கு: 155×52, அதாவது 8,060 மி.மீ., எட்டு மீட்டர் சொச்சம். 39 காலிபர் என்றால் ஆறு மீட்டர். குண்டு இரண்டிலும் 155 மி.மீ.தான். "52 காலிபர் குண்டு" என்று ஒன்று கிடையாது.

உறுப்புகளின் பெயர்களில் எங்களுக்குப் பிடிவாதம் குறைவு. "தோட்டா பாய்ந்தது" என்பது மக்கள் வழக்கு, அதை மாற்றச் சொல்ல மாட்டோம். ஆனால் தடயம் பற்றி எழுதும்போது பிரித்துச் சொல்லுங்கள். உறை, ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. உடலிலிருந்து எடுப்பது குண்டு. தரையில் கிடப்பது காலி உறை. "மூன்று தோட்டாக்கள் கிடைத்தன" என்றால் சுடாத மூன்றா, சுட்ட மூன்று உறைகளா, சுவரிலிருந்து தோண்டிய மூன்று குண்டுகளா? வழக்கின் போக்கே இதில் இருக்கிறது. ரிவால்வர் உறைகளைத் தானாக வெளியே தள்ளாது; சுட்ட உறைகள் உருளைக்குள்ளேயே இருக்கும். ஆகவே ரிவால்வரால் சுட்டார்கள், தரையெங்கும் உறைகள் சிதறிக் கிடந்தன என்று ஒரே பத்தியில் எழுதினால் இரண்டில் ஒன்று பொய். ரிவால்வருக்கு மேகசினும் கிடையாது.

செமி ஆட்டோமேடிக் என்றால் விசையை ஒருமுறை அழுத்த ஒரு குண்டு. அடுத்த தோட்டா மட்டும் தானாக ஏறும். அதை "தானியங்கித் துப்பாக்கி" என்று எழுதினால் விசையை அழுத்திப் பிடித்தால் சுட்டுக்கொண்டே இருக்கும் ஆயுதம் என்றாகிறது, சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு. சைலன்சர் என்ற சொல் தவறில்லை, 1909-இல் ஹைராம் பெர்சி மாக்சிம் காப்புரிமை பெற்றபோதே வந்த பெயர்தான். தவறு அது ஓசையே இல்லாமல் செய்யும் என்பது. 160 டெசிபல் அளவில் இருக்கும் ஓசையிலிருந்து 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டின் வெடிப்பொலியை அதனால் தொடவே முடியாது.

திரைத்துறைக்கு எழுதுவோருக்கு ஒன்று. பிளாங்க் என்பதில் மருந்து உண்டு, குண்டு இல்லை. டம்மி என்பதில் குண்டு உண்டு, மருந்து இல்லை. இரண்டையும் "போலித் தோட்டா" என்று ஒரே சொல்லால் தமிழாக்குகிறார்கள். 1993-இல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தது இந்த இரண்டும் அடுத்தடுத்து ஒரே ரிவால்வருக்குள் போனதால்தான். டம்மி தோட்டாவில் விட்டுப்போன ப்ரைமர் குண்டைக் குழலுக்குள் தள்ளி அடைக்க, பிறகு போட்ட பிளாங்க் அதை வெளியே செலுத்திவிட்டது. பட்டியலில், வசனத்தில், செய்தியில் இரண்டுக்கும் இரண்டு சொற்கள் வேண்டும்; பிளாங்க், டம்மி என்றே எழுதினாலும் சரி.

செய்தி எழுதும்போது என்ன கேட்பது? ரைஃபிள், பிஸ்டல் தோட்டாவானால் காலி உறையின் அடிவட்டத்தைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வணிகத் தோட்டாவில் தயாரிப்பாளர் பெயரும் தோட்டாவின் பெயரும் இருக்கும், அதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ராணுவத் தோட்டாவில் பெரும்பாலும் தொழிற்சாலைக் குறியீடும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும்தான் இருக்கும். அந்த இரண்டு இலக்கங்களைக் காலிபர் என்று எழுதிவிட வேண்டாம். அப்போது உறையின் நீளத்தையும் வாய் விட்டத்தையும் வெர்னியரால் அளந்து சொல்வது தடயவியல் ஆய்வாளரின் வேலை. ஷாட்கன் தோட்டாவில் அடிப் பித்தளையில் பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயரும் போர் எண்ணும்தான் இருக்கும். நீளமும் ரவை எண்ணும் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும், இரண்டையும் கேளுங்கள். துப்பாக்கியே கிடைத்திருந்தால் குழலின் பொறிப்பைக் கேளுங்கள். ஐரோப்பிய சோதனை முத்திரையில் போர், அறை நீளம் தவிர 18.4 போல உண்மையான உள்விட்டமும் தனியாக இருக்கும். அது காலிபர் அல்ல, அந்தக் குழலின் அளவு. எதுவும் கிடைக்காவிட்டால் காயத்தின் அளவைப் பார்த்தோ சுவரில் உள்ள துளையைப் பார்த்தோ ஊகிக்காதீர்கள், தோல் சுருங்கும், குண்டு நசுங்கும். "எந்த ரகத் தோட்டா என்பதை விசாரணை அதிகாரிகள் இன்னும் தெரிவிக்கவில்லை" என்று எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
குறிசுடும் பயிற்றுநர்களும் துப்பாக்கிப் பழுதுபார்ப்போரும்